தாலி கட்டலையே, அப்புறம் எப்படி கல்யாணம்? சிங்கப்பூர்ல அனல்மென்ட் (கல்யாண ரத்து) சட்டம் என்ன பார்க்குது

தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஃப்ரெண்டோட அம்மா எனக்கு எதிர்ல உக்காந்திருந்தாங்க. மேசை மேல ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள கல்யாணப் பத்திரிகை கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கினது, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி முடிச்சாச்சு, ஆனா ஒண்ணுகூட இன்னும் யாருக்கும் குடுக்கல. தே ஆறிப் போய் மேல ஆடை கட்டிருச்சு, அவங்க தொடவே இல்ல. கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, எம்பொண்ணும் மாப்பிள்ளையும் ஆர்ஓஎம் மட்டும்தானே பண்ணுனாங்க, தாலி கட்டல, ஒரு நாள்கூட ஒண்ணா இருக்கல, அப்ப இது கல்யாணமே இல்லதானேப்பா? சும்மா கேன்சல் பண்ணிடலாம்ல?" ஆர்ஓஎம்னா இங்க அரசாங்கக் கல்யாணப் பதிவகம்.

நான் லாயர் இல்ல, லாயர் ஆபீஸ்ல பல வருஷம் கிளார்க்கா ஃபைல் தூக்கினவன். அந்த அனுபவத்துல சொல்றேன், நம்ம ஆளுங்க கேக்குற கேள்வியில பாதிக்கு மேல இதே கேள்விதான், வார்த்தை மட்டும் மாறும். பதில் கேட்டதும் முகம் போற போக்கும் ஒண்ணுதான்.

ஏன்னா பதில், "இல்ல ஆன்ட்டி, சட்டப்படி அன்னைக்கே கல்யாணம் முடிஞ்சிருச்சு."

இங்க முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் கல்யாணச் சட்டம்னா மாதர் சாசனம்தான், 1961-ல வந்தது, அந்த வருஷம் செப்டம்பர் 15-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கோயில் கல்யாணம், சீனச் சடங்குக் கல்யாணம் எல்லாம் அதுஅது வழக்கப்படி செல்லும், ஒருத்தர் ரெண்டு மூணு பொண்டாட்டி வச்சிருந்தாலும் சட்டம் கண்டுக்காது. சாசனம் வந்ததும் ஒருத்தனுக்கு ஒருத்தி, கல்யாணம்னா செல்லுபடியாகுற லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் உள்ள பதிவாளர் முன்னாடி நடக்கணும்னு ஆயிப்போச்சு. ஆக ஆர்ஓஎம்-ல சாட்சி ரெண்டு பேர் முன்னாடி சம்மதம் சொல்லி கையெழுத்துப் போட்டா அந்த நிமிஷமே புருஷன் பொண்டாட்டி, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு பிஜிபி மண்டபத்துல நாதஸ்வரம் வச்சு கட்டுற தாலி நமக்குப் பெருசு, சட்டத்துக்கு அது விருந்து மாதிரிதான். இதைத் திருப்பிப் போட்டாலும் அப்படியே நிக்கும். கோயில்ல ஐயர் வச்சு ஆயிரம் பேர் முன்னாடி தாலி கட்டிட்டு ஆர்ஓஎம் பக்கமே போகலன்னா இங்க சட்டத்துக்கு அது கல்யாணமே இல்ல.

இதுல குழப்பம் இன்னும் கூடுறதுக்குக் காரணம் ஊர்ல இருந்து வர்ற வாட்ஸப் அறிவுரை. இந்தியாவுல கணக்கு நேர் எதிர். அங்க இந்து திருமணச் சட்டம், 1955, சடங்கைத்தான் பார்க்கும், பதிவு பண்ணலங்கிறதுக்காக கல்யாணம் செல்லாமப் போகாது, 2024-ல இந்திய சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, சடங்கு நடக்காம வெறும் சர்டிபிகேட் மட்டும் வாங்கினா அது இந்துக் கல்யாணம் ஆகாதுன்னு. அதைப் படிச்ச மாமா ஒருத்தர் மதுரையில இருந்து "தாலி ஏறலன்னா ஒண்ணும் இல்லம்மா, கவலைப்படாத"ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரு, அவர் ஊருக்கு அது சரி, இங்க சிங்கப்பூர் செங்காங்குல இருக்கிற பொண்ணுக்கு அது தப்பு.

நம்ம சிங்கப்பூர்ல முதல்ல பதிவு, அப்புறம் தாலிங்கிறது ஏன் இவ்ளோ அடிக்கடி நடக்குதுன்னா காரணம் வீடு. காதலிக்கிற ஜோடி பிடிஓ-வுக்கு, அதாவது எச்டிபிங்கிற அரசாங்க வீட்டு வாரியம் இனிமேதான் கட்டித் தரப்போற வீட்டுக்கு, அப்ளை பண்ணும், கட்டி முடிக்க நாலு வருஷம் ஆகும், சாவி வாங்கி 3 மாசத்துக்குள்ள கல்யாண சர்டிபிகேட்டை எச்டிபி-கிட்ட காட்டணும். அதனால முதல்ல ஆர்ஓஎம், அப்புறம் ரெனவேஷன், அப்புறம் ஜாதகம் பார்த்து முகூர்த்தம், மண்டபம் காலியா இருக்கிற தேதி, ஊர்ல இருந்து சித்தப்பா வர்ற லீவு, இதெல்லாம் சேர்ந்து வர்றதுக்கு சில சமயம் ஒரு வருஷம் ஓடிரும். அந்த ஒரு வருஷத்துல பொண்ணு அவங்க அம்மா வீட்டுல, பையன் அவங்க அம்மா வீட்டுல, வீட்டாளுங்க கண்ணுக்கு இன்னும் நிச்சயம் ஆன ஜோடி, சட்டத்தோட கண்ணுக்கு புருஷன் பொண்டாட்டி. இந்த நடுவுல உடைஞ்சா என்ன ஆகும்ங்கிறதுதான் ஆன்ட்டியோட பிரச்சினை.

உடைஞ்சா டைவர்ஸ்னு நினைப்போம். ஆனா இங்க கல்யாணம் ஆகி 3 வருஷம் ஆகாம டைவர்ஸுக்கு ஃபைல் பண்ண முடியாது. ரொம்ப அசாதாரணமான கஷ்டம், இல்லன்னா எதிர்ப்பக்கம் அசாதாரணமான ஒழுக்கக்கேடுன்னு கோர்ட்டுல தனியா அனுமதி வாங்கினாத்தான் அதுக்கு முன்னாடி, அந்த அனுமதி லேசுல கிடைக்காது. 2024 ஜூலை 1-ல இருந்து ரெண்டு பேரும் சம்மதிச்சா யார் மேலயும் குத்தம் சொல்லாம டைவர்ஸ் வாங்கலாம்னு புது வழி வந்துச்சே, அதுக்கும் இந்த 3 வருஷம் உண்டு. அதனாலதான் எல்லாரும் அனல்மென்ட்டைத் தேடி ஓடுறாங்க, அது என்னமோ சின்ன சைஸ் டைவர்ஸ் மாதிரி, சீக்கிரம் முடியுற பேக்கேஜ் மாதிரி நினைச்சுக்கிட்டு. அப்படி இல்ல. டைவர்ஸ் கேக்குறது கல்யாணத்துக்கு அப்புறம் என்ன கெட்டுப்போச்சுன்னு. அனல்மென்ட் கேக்குறது பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட அன்னைக்கே என்ன கோளாறு இருந்துச்சுன்னு. கல்யாணம் ஆகி ஒரே மாசத்துல பிரிஞ்சாலும் அன்னைக்கு எல்லாம் சரியா இருந்து சேர்ந்து வாழ்ந்துட்டாங்கன்னா அனல்மென்ட் கிடைக்காது, கால அளவு சின்னதா இருக்குங்கிறது ஒரு காரணமே இல்ல.

சட்டம் இதை ரெண்டா பிரிக்குது. ஒண்ணு ஆரம்பத்துல இருந்தே செல்லாத கல்யாணம், சாசனத்துல 105-வது பிரிவு. இன்னொண்ணு செல்லும், ஆனா ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய் கேட்டா ரத்து பண்ணலாம், அது 106. இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் இங்கிலாந்தோட 1973 சட்டத்துல இருந்து எடுத்தது, இங்க 1981 ஜூன் 1-க்கு அப்புறம் நடந்த கல்யாணத்துக்குப் பொருந்தும்.

ஆரம்பத்துல இருந்தே செல்லாததுல சிலது சட்டுனு சொல்லிடலாம். 18 வயசு ஆகாம ஸ்பெஷல் லைசென்ஸும் இல்லாம பண்ணினது, லைசென்ஸ் இல்லாம நடந்தது, பதிவாளர் இல்லாதவர் நடத்தினது, ஒரே பாலினத்தவர் பண்ணினது. பாலின மாற்று சிகிச்சை பண்ணிக்கிட்டவங்க கல்யாணம் செல்லாதுன்னு 1991-ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் 1996-ல சட்டத்தையே மாத்தி, கல்யாணத்தப்போ அடையாள அட்டையில என்ன பாலினமோ அதைத்தான் பார்க்கணும்னு ஆக்கிட்டாங்க.

நம்ம வீட்டுக்குள்ள வர்ற விஷயம் சொந்தத்துல கட்டுறது. மாமன் மகள், அத்தை மகன் இங்க தடை இல்ல, தாராளமா கட்டலாம். ஆனா தாய்மாமனுக்கு அக்கா பொண்ணைக் கட்டிக் குடுக்கிறது, அதாவது மாமனே மாப்பிள்ளை, அது சாசனத்தோட தடைப் பட்டியல்ல இருக்கு. ஊர்ல இன்னைக்கும் சில வீட்டுல சர்வசாதாரணம். இங்க அப்படியே ஆர்ஓஎம்-ல பதிஞ்சா அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனா சட்டம் எழுதினவங்க நம்மளை மறக்கல, இந்தச் சாசனம் வராம இருந்திருந்தா உங்க மதப்படி, வழக்கப்படி அந்தக் கல்யாணம் செல்லுமா, செல்லும்னு அமைச்சருக்குத் திருப்தியானா அவரே ஸ்பெஷலா லைசென்ஸ் குடுக்கலாம்னு ஒரு கதவு திறந்து வச்சிருக்காங்க. அந்தக் கதவு வழியா போகாம உறவுமுறையை மறைச்சு ஃபார்ம் ஃபில் பண்ணினா, இருபது வருஷம் கழிச்சு சொத்துத் தகராறு வரும்போது யாராவது ஒருத்தர் அதைத் தோண்டி எடுப்பாங்க. எடுக்கிறது பெரும்பாலும் சொந்தக்காரங்கதான்.

அடுத்தது ஏற்கனவே கல்யாணம் ஆனவர். மேல சொன்ன இந்தியா சிங்கப்பூர் வித்தியாசம் இங்கதான் கடிக்கும். ஊர்ல குலதெய்வக் கோயில்ல தாலி கட்டினாரு, பதிவு பண்ணல, இங்க வேலைக்கு வந்து ஒரு பொண்ணைப் பிடிச்சுப் போச்சு, "அது ரிஜிஸ்டரே பண்ணல, செல்லாது"ன்னு சொல்லி ஆர்ஓஎம்-ல கையெழுத்துப் போடுறாரு. ஊர்க் கல்யாணம் ஊர்ச் சட்டப்படி செல்லும், அதனால அது இங்கயும் கல்யாணம், அதனால இங்க பண்ணின ரெண்டாவதுதான் செல்லாது. அந்தப் பொண்ணு மூணு வருஷமா பொண்டாட்டின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கும், சட்டப்படி ஒரு நாளும் இல்ல. அவருக்கு இது வெறும் சிவில் கேஸோட முடியாது, இருதார மணம் தண்டனைச் சட்டத்துல குற்றம், 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம், முதல் கல்யாணத்தை மறைச்சுப் பண்ணினா 10 வருஷம் வரைக்கும்.

அப்புறம் பேப்பர் கல்யாணம். விசா நீட்டிக்க, பிஆர் (நிரந்தரவாசம்) வாங்க, காசு குடுத்து ஒரு சிங்கப்பூர்க்காரரைக் கட்டுற மாதிரி காட்டுறது. ரொம்ப நாளைக்கு கோர்ட்டு என்ன நினைச்சுதுன்னா, கையெழுத்து முறையா இருந்தா அதுக்குப் பின்னாடி இருக்கிற நோக்கம் எங்களுக்கு எதுக்கு, காசுக்காகக் கட்டுறவங்களும் இருக்காங்க அந்தஸ்துக்காகக் கட்டுறவங்களும் இருக்காங்கன்னு. 2012-ல குடிநுழைவுச் சட்டத்துல இதைத் தனிக் குற்றமாக்கினாங்க, 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 10 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூட சேர்த்துக் குடுக்கலாம். அப்புறம் 2016-ல சாசனத்தைத் திருத்தி அந்தக் கல்யாணமே செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. இதுக்கு முன்னாடி ஒரு வேடிக்கை, பொய்க் கல்யாணம் பண்ணினதுக்கு ஜெயிலுக்குப் போனவர் வெளிய வந்த பிறகும் சட்டப்படி கல்யாணம் ஆனவராவே இருக்க வேண்டி வந்துச்சு.

சரி, இப்போ ஆன்ட்டி கேஸ் எங்க வருதுன்னா 106-ல. அதாவது செல்லும் கல்யாணம், ஆனா ரத்து கேக்கலாம். இதுல முதல் ரெண்டு காரணம் தாம்பத்தியம் நடக்காதது. நம்ம வீட்டுல இதை வாய்விட்டுப் பேசவே கூச்சப்படுவாங்க, ஆன்ட்டியும் "அது... ஒண்ணும் நடக்கல தம்பி"ன்னு பத்திரிகைக் கட்டைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா கோர்ட்டுக்கு இதுதான் முக்கியம். ஒண்ணு இயலாமை, இன்னொண்ணு வேணும்னே மறுக்கிறது.

இயலாமைன்னா உடம்புக் கோளாறு மட்டும் இல்ல, மனசாலயும் இருக்கலாம், மத்தவங்ககிட்ட சரியா இருக்கிறவர் இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் முடியாம போறதும் இதுல சேரும். யாருக்கு இயலாமையோ அவரே கேஸ் போடலாம், அது பலருக்குத் தெரியாது. குழந்தை பெத்துக்க முடியாதது இது இல்ல, அது வேற விஷயம், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு வர்றவங்க நிறைய. கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்து இருந்தாங்கன்னா அது கணக்குல வராது, கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவை நடந்துருச்சுன்னா போதும், இந்தக் கதவு மூடிரும். ஆணுறை போட்டுக்கிட்டாலும் நடந்ததாத்தான் அர்த்தம், 1948-லயே இங்கிலாந்துல தீர்ப்பு வந்த விஷயம் இது.

வேணும்னே மறுக்கிறதுங்கிறதுக்கு கோர்ட்டு வச்சிருக்கிற அளவுகோல், நியாயமான காரணம் எதுவும் இல்லாம, முடிவே பண்ணிட்டு மறுக்கிறது. ஒரு நாள் களைப்பு, ஒரு மாசம் கோவம், இதெல்லாம் சேராது. ஒரு முக்கியமான விஷயம், மறுத்தவர் கேஸ் போட முடியாது, மறுக்கப்பட்டவர்தான் போடணும். "நான்தான் மாட்டேன்னேன், அதனால ரத்து பண்ணிக் குடுங்க"ன்னு யாரும் கேக்க முடியாது.

இப்போ ஆர்ஓஎம் முடிச்சு தாலிக்குக் காத்திருந்த ஜோடிக்கு இது எப்படிப் பொருந்தும்? அவங்க யாரும் மறுக்கலையே, சடங்கு முடியட்டும்னு ரெண்டு பேருமே சம்மதிச்சுத்தானே தள்ளி இருந்தாங்க? 1993-ல அப்பீல் கோர்ட்டு முன்னாடி இதே கேள்வி வந்துச்சு, அது ஒரு சீன ஜோடி, ஆர்ஓஎம்-ல பதிஞ்சாங்க, சீன முறைப்படி சடங்கு முடிஞ்ச பிறகுதான் சேர்ந்து வாழுறதுன்னு முன்னாடியே பேசி வச்சாங்க, சடங்கு நடக்கவே இல்ல. அப்படிப் பேசி வச்சுக்கிறதுல சட்டத்துக்கு விரோதமா ஒண்ணும் இல்ல, அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கும்போது ஒருத்தர் நியாயமான காரணம் இல்லாம அந்தச் சடங்குக்கே வர மாட்டேன்னா அதுவே தாம்பத்தியத்தை மறுத்ததுக்குச் சமம்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பு சீனச் சடங்கைப் பத்தினதா இருந்தாலும் நம்ம தாலிக்கும் அதே தர்க்கம்தான். என்னைக் கேட்டா இந்த நாட்டுல நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரே ஒரு அனல்மென்ட் தீர்ப்புன்னா இதுதான். சட்டம் தாலியைக் கல்யாணமா மதிக்காது, ஆனா "தாலி கட்டின பிறகுதான்"னு நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சத மதிக்கும்.

அதனால ஆன்ட்டிகிட்ட கேட்டேன், யாரு வேண்டாம்னது? பையன் வீட்டுலதான், முகூர்த்தத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது பையன் பொண்ணுக்கு மெசேஜ் போட்டிருக்கான், மனசு மாறிருச்சு, மண்டபத்தை கேன்சல் பண்ணிடுங்கன்னு. காரணம் எதுவும் சொல்லல. "அந்த மெசேஜ் இருக்கா?" "பொண்ணு கோவத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டா தம்பி." இதைத்தான் எல்லாரும் செய்றாங்க. பத்திரிகை, மண்டபம் புக்கிங் ரசீது, முகூர்த்தம் குறிச்ச தாள், குடும்பங்க பேசிக்கிட்ட மெசேஜ், இதெல்லாம்தான் சடங்கு நடக்கணும்னு பேசி வச்சதுக்கும் யாரு பின்வாங்கினாங்கங்கிறதுக்கும் சாட்சி. தூக்கிப் போட இருந்த அந்த பிளாஸ்டிக் பையைப் பத்திரமா வைக்கச் சொன்னேன். மெசேஜ், நல்லவேளை, அவங்க போன்லயும் ஒரு காப்பி இருந்துச்சு, பொண்ணு அழுதுக்கிட்டே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு பேருக்குமே வேண்டாம்னு ஆயிருச்சு, நல்லபடியா பிரியலாம்னு பேசி, "நான் மறுத்தேன்னு எழுதிக்கோ, நான் எதிர்க்க மாட்டேன்"னு ஒருத்தர் பெரிய மனசு பண்ணுறது உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அஃபிடவிட்ல சத்தியம் பண்ணி எழுதுறது அது, நடக்காததை நடந்ததா எழுதினா பொய் சத்தியம், சேர்ந்து வாழ்ந்துட்டு இல்லன்னு எழுதினாலும் அதேதான்.

அடுத்த காரணம் சம்மதம். மிரட்டல், தவறான புரிதல், மனநலக் கோளாறு, இதனால ஒருத்தர் உண்மையிலேயே சம்மதிக்கலன்னா ரத்து கேக்கலாம். பெத்தவங்க பார்த்து வைக்கிற கல்யாணம் மிரட்டல் இல்ல, அம்மா அழுதாங்க, அப்பா பேசாம இருந்தாரு, பாட்டி மாத்திரை சாப்பிட மாட்டேன்னாங்க, இதெல்லாம் நம்ம வீட்டு அரசியல், இதை மட்டும் வச்சுக்கிட்டு கோர்ட்டுல ஜெயிக்கிறது கஷ்டம். ஆனா எல்லை எங்க இருக்குங்கிறதுக்கு 1980-கள்ல இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, 19 வயசு இந்து இந்தியப் பொண்ணு, வேற மதத்துப் பையனைப் பழகினதால பெத்தவங்க முன்னப்பின்ன பார்க்காத ஒருத்தரைக் கட்டச் சொல்லி, இல்லன்னா வீட்டை விட்டுப் போன்னு நெருக்கினாங்க. போக்கிடம் இல்லாத பொண்ணு. உயிருக்கு ஆபத்துன்னு மிரட்டணும்னு அவசியம் இல்ல, அந்த நெருக்கடி அந்தக் குறிப்பிட்ட ஆளோட மனசை உடைச்சு சம்மதத்தைப் பேருக்கு ஆக்கிருச்சான்னுதான் பார்க்கணும்னு சொல்லி கல்யாணத்தை ரத்து பண்ணினாங்க. இங்கிலாந்துத் தீர்ப்பு இங்க கட்டாயம் இல்ல, ஆனா சட்டத்தோட வேர் அங்க இருக்கிறதால லாயருங்க எடுத்துக் காட்டுவாங்க.

தவறான புரிதல்னா நம்ம நினைக்கிற அர்த்தம் இல்ல. ஆளே மாறிப்போச்சு, இல்ல நடக்குறது கல்யாணம்னே தெரியாது, அந்த அளவுக்கு. மாப்பிள்ளை இன்ஜினியர்னாங்க டெக்னீஷியனா இருக்காரு, சம்பளம் 8,000-ன்னாங்க 3,000-தான், பிஆர் இருக்குன்னாங்க எஸ் பாஸ்ங்கிற வேலை அனுமதிதான், கடன் இருக்கிறதைச் சொல்லல, குடிப்பழக்கம் சொல்லல, முன்னாடி ஒரு காதல் இருந்ததைச் சொல்லல, எதுவும் செல்லாது. ஏமாத்துனதுங்கிறது உண்மையா இருக்கலாம், நெஞ்சு கொதிக்கலாம், ஆனா இங்க அது அனல்மென்ட் காரணம் இல்ல. இந்தியாவுல முக்கியமான விஷயத்தை மறைச்சு ஏமாத்தி சம்மதம் வாங்கினா ரத்து கேக்க ஒரு வழி இருக்கு, தெரிய வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். அதைக் கேட்டுட்டு இங்க வந்து அதே மாதிரி ஃபைல் பண்ணச் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன், அவங்களுக்குப் பதில் சொல்றது லாயருக்கே சங்கடம்.

மிச்சம் மூணு காரணத்தைச் சுருக்கமா சொல்றேன். கல்யாண வாழ்க்கைக்கே தகுதி இல்லாத அளவுக்குக் கல்யாணத்தப்போ மனநோய் இருந்தது, எதிர்ப்பக்கத்துக்குத் தொத்தக்கூடிய பாலியல் நோய் இருந்தது, பொண்ணு வேற ஒருத்தரால கர்ப்பமா இருந்தது. கடைசி ரெண்டுக்கும், கட்டும்போது அது நமக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறாங்கங்கிற ஒரே காரணத்தை வச்சு "மனநோய்"னு ஃபைல் பண்ண வர்ற குடும்பங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும், சட்டம் கேக்குற அளவு அது இல்ல, வேலைக்குப் போய் வந்துக்கிட்டு இருக்கிற பொண்ணு மேல அந்த முத்திரையைக் குத்துறது அநியாயம்.

சம்மதம், மனநோய், பாலியல் நோய், கர்ப்பம், இந்த நாலுக்கும் கல்யாணத் தேதியில இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். தாம்பத்தியம் நடக்காததுக்கு அந்தக் கெடு இல்ல. ஆனா ரத்து கேக்கலாம்னு தெரிஞ்சும் எதிர்ப்பக்கத்துக்கு "நான் கேக்க மாட்டேன்"னு நம்பிக்கை வர்ற மாதிரி நடந்துக்கிட்டு, அந்த நம்பிக்கையில அவங்க வாழ்க்கையை மாத்திக்கிட்ட பிறகு திடீர்னு வந்து நின்னா, இப்ப ரத்து பண்றது அவங்களுக்கு அநியாயம்னு கோர்ட்டு மறுத்துரும். குறையைத் தெரிஞ்சே அஞ்சு வருஷம் "பரவால்ல, சேர்ந்து இருப்போம்"னு சொன்னவர் இதை யோசிக்கணும்.

முஸ்லிம் கல்யாணத்துக்கு இது எதுவும் பொருந்தாது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு 1966-ல வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், ஷரியா கோர்ட்டு, அங்க ஃபஸக் (கோர்ட்டு மூலமா கல்யாணத்தை முறிக்கிறது) மாதிரி வழிகள் தனியா இருக்கு, நடைமுறையும் வேற, அதை இதோட கலக்க வேண்டாம்.

வேலைக்கு வந்த ஊர்க்காரங்க கேக்குறது, நாங்க சிங்கப்பூரரே இல்லையே, இங்க கேஸ் போட முடியுமா? டைவர்ஸ்னா ஒருத்தராவது இந்த நாட்டைத் தாயகமா வச்சிருக்கணும், இல்ல 3 வருஷம் தொடர்ந்து இங்க வாழ்ந்திருக்கணும். அனல்மென்ட்டுக்கு அது இல்லன்னாலும், கேஸ் போடுற அன்னைக்கு ரெண்டு பேரும் இங்க குடியிருந்தா கோர்ட்டு எடுத்துக்கலாம். ஆனா ஊர்ல நடந்த கல்யாணம்னா எந்த ஊர்ச் சட்டத்தை வச்சு அளக்குறதுங்கிற கேள்வி வரும், அதுக்கு ரெண்டு நாட்டு லாயரும் வேணும்.

கோர்ட்டு ஒத்துக்கிட்டா முதல்ல இடைக்காலத் தீர்ப்பு, அப்புறம் 3 மாசம் கழிச்சு இறுதித் தீர்ப்பு. குழந்தை இருந்தா? ரத்து பண்ணக்கூடிய கல்யாணத்துல பிறந்த குழந்தை முறையான குழந்தைதான். ஆரம்பத்துல இருந்தே செல்லாததுலயும், பெத்தவங்கள்ல ஒருத்தராவது அது நல்ல கல்யாணம்னு நியாயமா நம்பியிருந்தா குழந்தைக்குக் குறை இல்ல. சொத்து விஷயத்துலயும் ஒரு தப்புக் கணக்கு ஓடுது, "செல்லாத கல்யாணம்னா பொண்ணுக்கு ஒரு காசும் கிடையாது"ன்னு. 2012-ல அப்பீல் கோர்ட்டு அதைத் தெளிவா முடிச்சிருச்சு, முழுசா செல்லாத கல்யாணமா இருந்தாலும் சொத்தைப் பிரிக்கவும் ஜீவனாம்சம் குடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்குன்னு. ஊர்ல முதல் பொண்டாட்டி இருக்கிறதை மறைச்சுக் கட்டினவர் "அப்ப நாம கல்யாணமே பண்ணிக்கலையே"ன்னு கையை விரிக்க முடியாது. எச்டிபி வீடு தனித் தலைவலி, சாவி வாங்கி 5 வருஷம் ஆகலன்னா திருப்பிக் குடுக்க வேண்டிய நிலை வரலாம், சிபிஎஃப்ங்கிற சேமநிதியில எடுத்த காசு கணக்கும் பார்க்கணும், கேஸ் போடுறதுக்கு முன்னாடியே எச்டிபி-கிட்ட ஒரு வார்த்தை பேசிடுறது நல்லது.

எல்லாம் கேட்டுட்டு ஆன்ட்டி ஒரு கடைசி கேள்வி கேட்டாங்க. "அப்ப தீர்ப்பு வந்துட்டா, அடுத்த வரன் பார்க்கும்போது எம்பொண்ணுக்கு கல்யாணமே ஆகலன்னு சொல்லலாம்லப்பா?"

இங்கயும் சட்டம் அவங்க விரும்பினதைக் குடுக்கல. ஆரம்பத்துல இருந்தே செல்லாததுன்னா அப்படி ஒரு கல்யாணம் இருந்ததே இல்ல. ஆனா ரத்து பண்ணின கல்யாணம் இறுதித் தீர்ப்பு வர்ற நாள் வரைக்கும் இருந்த கல்யாணம்தான், அந்த நாள்ல இருந்துதான் இல்லாமப் போகுது, பின்னாடி போய் அழியாது. சடங்குக்கு வராத கேஸ் இந்த ரெண்டாவது ரகம். மறுபடி ஆர்ஓஎம்-ல பதியும்போது முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, ரத்தாச்சுன்னு உண்மையைச் சொல்லி தீர்ப்புத் தாளைக் காட்டணும். வரன் வீட்டுலயும் சொல்லிடுங்க ஆன்ட்டி, தாலி ஏறலன்னும் சேர்த்துச் சொல்லுங்க, அவங்களுக்கு அதுதான் முக்கியமா இருக்கும்னேன்.

அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப சட்டத்துக்கு ஆர்ஓஎம், சம்பந்திக்குத் தாலி"ன்னாங்க. ஆறின தேயை ஒரே மடக்குல குடிச்சுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாங்க.